பட்டறைக் கேள்விகள்: கத்திக்குப் பிடி போட்டேன், மூன்றே வாரத்தில் வாய் பிளந்துவிட்டது

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து புழங்கி வரும் காய்கறிக் கத்தி ஒன்று உள்ளது. உள்ளூர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த இரும்புக் கத்தி. அலகின் நீளம் ஏழு அங்குலம். பிடியின் இருபுறக் கட்டைகளும் உளுத்து உதிர்ந்துவிட்டதால் நானே புதுப் பிடி போட முயன்றேன். எனக்கு இது முதல் முயற்சி. தச்சரிடமிருந்து தேக்குத் துண்டு ஒன்றைப் பெற்று, அரை அங்குலக் கனத்தில் இரண்டு கட்டைகளாக அறுத்து, இரும்பில் ஏற்கெனவே இருந்த இரண்டு துளைகளின் வழியாக 5 மி.மீ. பித்தளைக் கம்பிகளைச் செலுத்தி, ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி பசையால் ஒட்டி, கம்பி முனைகளைச் சுத்தியலால் நன்றாக அடித்து இறுக்கினேன். முதல் வாரம் வரை பார்ப்பவர்கள் பாராட்டினார்கள். மூன்றாவது வாரத்தில் அலகை ஒட்டிய வலப்புற முகப்பில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, உள்ளே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. பின்புறக் கம்பியிலிருந்து கட்டையின் முனை வரை விரிசலும் ஓடியிருக்கிறது. பிடியை உப்புத்தாளால் தேய்த்தபோது அலகிலும் கீறல்கள் விழுந்துவிட்டன. நான் எங்கே தவறினேன்? பிரித்துவிட்டு மறுபடியும் போட முடியுமா? (விருதுநகர் மாவட்ட வாசகர்)

பதில்: தாராளமாக முடியும், அந்தக் கத்திக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பாட்டியின் கத்தியைத் தூக்கிப் போடாமல் அதற்குப் பிடி போட உட்கார்ந்தீர்களே, அதற்காகவே இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன். பிடிக்குள் இருக்கும் இரும்புப் பகுதியை இனி ‘வால்’ என்றே குறிப்பிடுகிறேன்.

உங்கள் பிடி கழன்றதற்குப் பசையைத்தான் முதலில் சந்தேகித்திருப்பீர்கள். பசையிலும் குறை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பசை தொடுவதற்கு முன்பே இந்தப் பிடியின் ஆயுள் முடிவாகிவிட்டது என்பதை அந்தக் கறுப்புக் கோடு காட்டிக்கொடுக்கிறது. கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சிய வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரமும் ஒன்றுசேர்ந்தால் அதே கறுப்பு உண்டாகும். ஆகவே கட்டைக்கும் வாலுக்கும் இடையே தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் புக இடம் இருந்திருக்கிறது. அந்த இடம் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. புகுந்த தண்ணீரால் இரும்பு துருப்பிடித்தால், அந்தத் துரு தான் உண்ட இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆப்பு இறக்கியதைப் போலக் கட்டையை வெளியே தள்ளும். மூன்று வாரத்தில் நடந்தது இதுதான்.

முதல் நாளில் அந்த இடைவெளி உங்கள் கண்ணுக்குத் தெரியாததன் காரணம், ஒட்டும்போது கட்டையை இறுக்கிப் பிடிக்கும் திருகுப் பிடியான கிளாம்ப். கொல்லர் சம்மட்டியால் அடித்த வால் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் உண்மையில் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். கையால் அறுத்த தேக்குக் கட்டையும் அப்படியே. இவ்விரண்டையும் சேர்த்து வைத்துக் கிளாம்பை முறுக்கினால், கட்டை வில்லைப் போல வளைந்து கொடுத்து வாலோடு ஒட்டிக்கொண்டதாகத் தோற்றம் தரும். கிளாம்பைக் கழற்றிய பிறகும் பசை அந்த வில்லைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். ஆனால் மரம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப ஒவ்வொரு நொடியும் இழுத்துக்கொண்டேயிருக்கிறது. வெந்நீரோ, கீழே விழுந்த ஓர் அதிர்வோ கிடைத்ததும் முகப்பிலிருந்து விடத் தொடங்குகிறது. என்னிடம் பயில வருபவர்களின் முதல் கத்திகளில் பெரும்பாலானவை இதே இடத்தில், இதே காரணத்தால்தான் வாய் பிளந்திருக்கின்றன. கிளாம்ப் போடாமல், இரண்டு விரல்களால் லேசாக அழுத்தினாலே ஒளி புகாமல் பொருந்துகிற கட்டையைத்தான் ஒட்ட வேண்டும்.

அதை எப்படிச் செய்வது? கனமான கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல், அல்லது சமையல்மேடையில் மிஞ்சிய கிரானைட் துண்டின்மேல், 120 நம்பர் எமரித்தாளை மடிப்பு விழாமல் ஒட்டிக்கொள்ளுங்கள். அலகைக் கெட்டி அட்டையில் சுற்றி மாஸ்கிங் டேப்பால் நன்றாகக் கட்டிய பிறகே வாலைத் தொட வேண்டும். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது, ஏனெனில் பிடி போடும்போது விரல் அறுபடுவது பெரும்பாலும் மூடப்படாத அலகினால்தான். வாலின் ஒரு பக்கத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் போட்டு, எமரித்தாளின்மேல் வைத்து, சீரான அழுத்தத்துடன் ஒரே திசையில் பத்து முறை இழுத்து எடுத்துப் பாருங்கள். மை அழிந்து பளபளக்கும் இடங்கள் மேடு; மை அப்படியே நிற்கும் இடங்கள் பள்ளம். உங்கள் கத்தியில் பெரும்பாலும் துளைகளைச் சுற்றி வளையமாகப் பளபளப்புத் தெரியும். கொல்லர் உளியால் துளை அடித்தபோது பிதுங்கிய விளிம்பு அது. அதை முதலில் அரத்தால் தணித்துவிட்டுத் தேய்த்தால் வேலை பாதியாகக் குறையும். வாலின் ஓரம் முழுவதும் மை அழியும் வரை இதைத் தொடர வேண்டும். நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சில குழிகள் மிஞ்சினால் கவலை வேண்டாம். அவற்றில் பசை தங்கும்.

கட்டைகளையும் அதே பரப்பில், 80 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கையால் தேய்க்கும்போது கட்டையின் இரு முனைகளும் அதிகமாகத் தேய்ந்து, நடுப்பகுதி மேடாகிவிடுவது இயல்பு. மேடான நடுவில் கட்டை ஊஞ்சலாடும். இதற்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. ஒட்டும் முகத்தில் ஓரத்தைச் சுற்றிலும் 4 அல்லது 5 மி.மீ. அகலத்துக்கு அப்படியே விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் உளியால் தாள் கனத்துக்குச் சுரண்டிவிட்டால், ஓரங்கள் நான்கு பக்கமும் இரும்போடு இறுகப் பொருந்தும். சுரண்டிய இடம் பசைக்குத் தொட்டியாகவும் அமையும். பிறகு கட்டையை வாலின்மேல் வைத்து, இரண்டையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடுக்கு வழியாகப் பாருங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டியதுதான். இதற்கு முழு மாலைப்பொழுது ஆனாலும் ஆகட்டும். பிடி போடும் வேலையில் முக்கால் பங்கு இதுவே என்று நான் கருதுகிறேன்.

அலகில் விழுந்த கீறல்களுக்கு வருகிறேன். கட்டைகளின் முகப்பை, அதாவது அலகை நோக்கி நிற்கும் முனையை, ஒட்டிய பிறகு தேய்த்திருக்கிறீர்கள். அப்போது அலகைக் கீறாமல் தேய்க்கவே இயலாது. எனவே அந்த ஒரு பகுதியை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே முழுவதுமாக முடித்துவிட வேண்டும். இரண்டு கட்டைகளையும் கம்பிகளால் ஒன்றாகக் கோத்து, வால் நடுவில் இல்லாமல், முகப்பை ஒரே சாய்வில் அரத்தால் உருட்டி, 120, 220, 400 என்று உப்புத்தாள் மாற்றி மெருகேற்றிவிடுங்கள். கோத்துத் தேய்ப்பதால் இரு பக்கமும் ஒரே கோட்டில் முடியும். ஏற்கெனவே விழுந்த கீறல்களை 400, 600, 1000 நம்பர் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) அலகின் நீளவாக்கில் மட்டும் தேய்த்து மறைக்கலாம்.

துளையிடும் முறையில் நீங்கள் தவறியதாகத் தெரியவில்லை; ஆனாலும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டையை வாலோடு கிளாம்பில் பிடித்து, பழைய துளை வழியாகவே டிரில் பிட்டை இறக்கி, முதல் துளையில் கம்பியைச் செருகிய பிறகுதான் இரண்டாம் துளையைப் போட வேண்டும்; இல்லாவிட்டால் கட்டை நகர்ந்துவிடும். பிறகு இரண்டாம் கட்டைக்கும் அவ்வாறே. கட்டைக்குக் கீழே ஒரு வேண்டாத பலகையை வைத்துத் துளையிட்டால் மறுபுறம் சிம்பு பெயராது. வாலில் புதிய துளை தேவைப்பட்டு, நன்றாகத் துவைச்சல் ஏற்றிய, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய, இரும்பாக அது இருந்தால் சாதாரண பிட் வழுக்கிக்கொண்டு நிற்கும். பிடிவாதமாக அழுத்தாமல் கார்பைடு பிட்டுக்கு மாறுங்கள்.

விரிசலுக்குக் காரணம் சுத்தியல். பித்தளை மென்மையான உலோகம். 5 மி.மீ. துளையில் 5 மி.மீ. கம்பியை இறுக்கமாகச் செருகி முனையில் ஓங்கி அடித்தால், முனை மட்டும் விரியாது. மரத்துக்குள் இருக்கும் பகுதியும் பருக்கும். விறகு பிளக்கும் ஆப்புக்கும் அதற்கும் அப்போது வேறுபாடு இல்லை. மரத்தின் ரேகை ஓடும் திசையில், கட்டையின் முனைக்கு மிக அருகில் இருக்கும் பின்புறத் துளையிலிருந்து விரிசல் ஓடியதில் வியப்பில்லை. எபாக்சி போட்டு ஒட்டும் பிடிக்கு ரிவிட் அடிக்க வேண்டிய தேவையே இல்லை. கம்பியின் வேலை, கட்டை பக்கவாட்டில் நகராமல் தடுப்பது. கட்டையை வாலோடு அழுத்திப் பிடிப்பது பசையின் வேலை. ஆகவே கம்பியை 120 நம்பர் எமரித்தாளில் உருட்டித் தேய்த்து, விரலால் தள்ளினாலே உள்ளே போகும் அளவுக்குச் சற்றுத் தளர்வாக்கிக்கொண்டு, பசையில் தோய்த்துச் செருகி, இறுகிய பிறகு மிச்சத்தை அறுத்து அரத்தால் சமப்படுத்தினால் போதும்.

இனி பசை. ஐந்து நிமிடப் பசை அவசர வேலைக்கு நல்லது. தினமும் தண்ணீர் படும் கத்திப்பிடிக்கு ஏற்றதன்று. மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். அது இறுகியபின் நீருக்கும் வெப்பத்துக்கும் அதிகம் தாங்குவதோடு, கலந்து, தடவி, கோத்து, பார்த்துத் திருத்த உங்களுக்கு நேரமும் தரும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு; பசை அதன்மேல் சரியாகப் பிடிக்காமல் போக அதுவும் ஒரு காரணம். ஒட்டுவதற்குச் சற்று முன்பு புதிதாக 80 நம்பர் தாளில் ஒரு முறை தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் கட்டையையும் வாலையும் துடையுங்கள். துணியில் மஞ்சள் கறை வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். அதன் பிறகு அந்த முகத்தை விரலால் தொடக்கூடாது. பசையின் இரண்டு பாகங்களையும் பெட்டியில் அச்சிட்ட விகிதப்படி எடுத்து, கோடுகள் மறையும் வரை இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குழைத்து, கட்டை, வால், துளை, கம்பி எல்லாவற்றிலும் தடவுங்கள். கிளாம்பை அளவோடு இறுக்குங்கள். சுற்றிலும் பசை மணிமணியாகக் கசிந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். இன்னும் முறுக்கினால் உள்ளே இருக்க வேண்டிய பசையும் வெளியே வந்துவிடும். முகப்பில் கசிந்ததை உடனே அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியால் வழித்தெடுங்கள். இறுகிய பிறகு எடுக்கப் போனால் மறுபடியும் கீறல்தான். 24 மணி நேரம் அதை அசைக்காதீர்கள்.

அதற்கெல்லாம் முன்பு, இப்போதுள்ள பிடியைப் பிரிக்க வேண்டுமே. கம்பித் தலையின் நடுவில் புள்ளி அடித்து, தலையை மட்டும் டிரில்லால் எடுத்துவிட்டு, மெல்லிய இரும்புக்குச்சியால் கம்பியைத் தட்டி வெளியேற்றுங்கள். பிறகு பிடியை மட்டும் கொதிநீரில் சில நிமிடம் அமிழ்த்தி வைத்தால் பசை இளகும். பழைய துணியால் பிடித்துக்கொண்டு இடுக்கில் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்தால் கட்டை பெயர்ந்து வரும். துருவைத் தேய்த்து எடுத்து, வாலை ஈரமில்லாமல் உலர்த்துங்கள். விரிசல் விட்ட கட்டையை மறுபடியும் பயன்படுத்த வேண்டாம்.

வடிவம் கொடுக்கும் வேலையை நீங்கள் நன்றாகவே செய்திருப்பதாக, அனுப்பிய படத்திலிருந்து தெரிகிறது. ஒன்றே ஒன்று: அரை அங்குலக் கட்டை கைக்குக் கனம். ஒவ்வொரு பக்கமும் 9 மி.மீ. அளவுக்குக் குறைத்து, நடுவிரல் படும் இடத்தைச் சற்று மெலிதாக்குங்கள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். தேக்குத்தூள் பலருக்கு ஒவ்வாது.

கேள்வி: தேக்கைத் தவிர வேறு எந்த மரங்கள் கத்திப்பிடிக்கு ஏற்றவை? தென்னை மரத்தில் போடலாமா? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: கருவேலம், புளி, வேங்கை, கொய்யா ஆகியவை இறுக்கமான, உறுதியான மரங்கள், மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் கருவேலங்காம்பைத் தேடிப் போனவர்கள் காரணத்தோடுதான் போனார்கள். மரத்தின் பெயரைவிட அது எவ்வளவு உலர்ந்தது என்பதே முக்கியம். பச்சை மரம் உலரும்போது ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது மிகவும் குறைவு. ஒட்டிய பிறகு அப்படிச் சுருங்கினால் இரும்பு மட்டும் பழைய அளவிலேயே நின்று, பிடியின் ஓரத்தில் வால் கத்தி போலத் துருத்திக்கொண்டு உள்ளங்கையை உறுத்தும். ஆகவே உடைந்த கட்டில் கால், பழைய ஜன்னல் சட்டம், கழித்துப் போட்ட நாற்காலிக் கை ஆகியவற்றைத் தேடுங்கள்; பல ஆண்டுகள் உலர்ந்த மரம் அங்கேதான் கிடைக்கும். ஈட்டி மரம் (ரோஸ்வுட்) மிக அழகாக அமையும். ஆனால் ஈட்டி இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளதால், புதிதாக வெட்டிய மரத்தைத் தேடாமல் பழைய சாமான்களிலிருந்து எடுப்பதே முறை.

தென்னையில் மரத்தின் வெளிவட்டம் மட்டுமே கடினம். உட்பகுதி பஞ்சு போன்றது. வெளிவட்டத்திலும் நார்கள் சிம்பாக எழும்பும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பட்டறையில் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சிப் பிடிக்குள் இறக்குவார்கள், பசையே கிடையாது. அரக்கு ஊற்றிப் பிடி போடும் வழக்கமும் இருந்ததாகத் தாத்தா சொல்கிறார். இவற்றில் எது உறுதி? (சிவகங்கை மாவட்ட வாசகர்)

பதில்: திருப்பாச்சி அரிவாளின் பெயர் பரவிய மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் மகிழ்ச்சி. அரிவாளின் வால் கூராக ஒடுங்கி, கட்டைக்குள் மறைந்து நிற்பது. கட்டையில் சற்றுச் சிறிய துளையாகப் போட்டுக்கொண்டு, காய்ச்சிய வாலை அதில் இறக்கினால், இரும்பு தன் வடிவத்துக்கே மரத்தைத் தீய்த்து இடம் செய்துகொள்ளும். ஆறியபின், அலகு மேல்நோக்க அரிவாளைப் பிடித்துக்கொண்டு, பிடியின் அடியைக் கல்லில் ஓங்கிக் குத்தினால், அலகின் எடையே வாலை உள்ளே இறக்கிவிடும். அப்போது கட்டையின் வாய் பிளக்காமல் காப்பதுதான் பூண் எனும் உலோக வளையம். வெட்டுவதற்கும் ஓங்கி இறக்குவதற்குமான கருவிக்கு இது மிகச் சிறந்த முறை. தளர்ந்தால் மறுபடியும் குத்தி இறுக்கிக்கொள்ளலாம் என்பது பசையில் கிடைக்காத வசதி. காய்ச்சும்போது சூடு அலகுக்கு ஏறித் துவைச்சல் போய்விடாமல், ஈரத்துணியை அலகில் சுற்றிக்கொள்ள வேண்டும்.

தாத்தா சொன்னதும் உண்மையே. அரக்கு என்பது புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். அதைச் செங்கல் பொடியுடன் சேர்த்து உருக்கிப் பிடிக்குள் ஊற்றி, சூடான வாலைச் செருகி ஆறவிடுவார்கள். வட இந்திய வாள்களின் இரும்புக் கைப்பிடிகளும் இவ்வாறு பொருத்தப்பட்டவையே. ஆனால் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்பே அரக்கு இளகிவிடும். இக்காலச் சமையலறையில் வெந்நீர் படும் கத்திக்கு அது தாங்காது. இருபுறக் கட்டை வைக்கும் தட்டை வாலுக்கு எபாக்சியும் கம்பியும், கூர்வாலுக்குத் தீய்த்து இறக்குவதும் பூணும் என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

கேள்வி: புதுப் பிடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: தடவலாம், ஆனால் அது பிடிக்குக் காப்பாக அமையாது. தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் உலராத எண்ணெய்; பிடி வழவழப்பாகவே இருக்கும், சோப்புப் போட்டால் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டிப்படும் தன்மையுடையது. அதை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பூச்சும் நன்றாக உலர இடம் கொடுத்து, மூன்று முறை செய்யுங்கள். முதல் பூச்சுக்கு முன், ஈரத்துணியால் பிடியை ஒரு முறை துடைத்து உலரவிட்டு, எழும்பி நிற்கும் மயிர்நார்களை 400 நம்பர் தாளால் எடுத்துவிட்டால் முடிந்த பிடி கையில் பட்டாக இருக்கும். எச்சரிக்கை ஒன்று உண்டு: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. கெட்டிப்படும்போது உண்டாகும் சூடு சுருணைக்குள் அடைபட்டு, நெருப்பு வைக்காமலே தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு. துணியைத் தண்ணீரில் நனைத்து, விரித்து, வெளியே உலர்த்திய பிறகே குப்பையில் போடுங்கள்.

கேள்வி: கத்தியைப் பிடி போடுவதற்கு முன்பு தீட்ட வேண்டுமா, பின்பா? (திருச்சி வாசகர்)

பதில்: பின்பு. பிடி போடும் நாள்களில் அலகு எவ்வளவு மழுங்கலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மேலும், முடிந்த பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு சாணைக்கல்லில் வைக்கும்போதுதான் சாய்வு நிலையாக அமையும்.